கீறல் விழுந்த தட்டு

ஒருவனைக் ‘கீறல் விழுந்த ரிக்கார்ட்’ என்று சொன்னால், சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று பொருள். சிறுபத்திரிகைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்ட வசைகளில் இதற்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. நானும் இந்த வசையை வாங்கியிருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் இதைச் சொன்னவர்கள் யாரும் ஒரு கீறலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கீறல் விழுந்த தட்டெல்லாம் சொன்னதையே சொல்வதில்லை. சில தாண்டிப்போகும். சில, ஒரு சுற்றுக்கு ஒருமுறை சொடுக்குப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோலப் பாட்டைத் தொடரும். சிலவற்றில் கண்ணுக்குக் கோரமாகத் தெரிகிற கோடு காதுக்குத் தெரியவே தெரியாது. கண்ணுக்குப் பளிங்குபோல இருக்கிற தட்டு ஒன்று பாடாமலே கிடக்கும். இந்தக் கடைசி ரகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குமுன் மற்றதையெல்லாம் சொல்லவேண்டியிருக்கிறது.

எட்டயபுரத்தில் என் அப்பா ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோவில் கொடை என்று சுற்றுக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் குழாயும் ஆம்ப்ளிஃபயரும் பாட்டரியும் தட்டுப்பெட்டியும் போகும். கரிசல் காட்டுப் பாதை. கோடையில் அந்த மண் மாவாகிவிடும். காற்றில் ஏறி, மூடிய பெட்டிக்குள்ளும் நுழையும். ரிக்கார்டுக்குக் கரிசல் தூசியைப்போலச் சத்துரு கிடையாது. தட்டும் கறுப்பு, தூசியும் கறுப்பு. பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முள் அதன்மேல் ஓடும்போதுதான் அது மணல் என்று தெரியும்.

பழைய 78 சுழற்சித் தட்டு அரக்கினால் ஆனது என்பதை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். சோட்டாநாக்பூர்க் காடுகளில் புரசு மரத்திலும் இலந்தை மரத்திலும் பூச்சி கட்டுகிற அரக்கு. உலகத்துக்கே அது பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போயிற்று. மிலானில் கரூஸோ பாடியதும் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதும் இந்தப் பூச்சியின் எச்சத்தில்தான். ஆனால் தட்டு முழுக்க அரக்கு அல்ல. அரக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மிச்சம் கல்மாவும் கரியும் கொஞ்சம் பஞ்சு நாரும். கல்மாவு சேர்த்தது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. இரும்பு முள் முதல் சில சுற்றுகளில் அந்த உரசலில் தேய்ந்து பள்ளத்தின் வடிவத்தைத் தானே எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக. அதாவது, முள்தான் தேயவேண்டும், தட்டு தேயக்கூடாது என்பது ஏற்பாடு. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள். நம்மவர்கள் ஒரே முள்ளைத் திருப்பி வைத்து, உரைகல்லில் தீட்டி, ஒரு கல்யாணம் முழுக்க ஓட்டினார்கள். தேய்ந்த முள் உளியாக மாறித் தட்டைச் செதுக்கியது. நூறு கிராமுக்கும் மேலே கனம் உள்ள சவுண்ட் பாக்ஸ் அந்த உளியின் மேல் உட்கார்ந்திருக்கும். எழுபது எண்பது வருஷத்துத் தட்டுகளில் இன்று நாம் கேட்கிற ‘உஸ்’ஸில் பாதி காலத்தின் ஓசை இல்லை, சிக்கனத்தின் ஓசை. பழைய ரிக்கார்டின் இரைச்சலைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: அரக்குத் தட்டில் சாராயம் படக்கூடாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். தச்சர் பாலிஷ் போடுவதே அப்படித்தான். துடைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட்டைத் தொட்டால் பாட்டு துணியோடு வந்துவிடும். தண்ணீர், மிஞ்சிப்போனால் ஒரு சொட்டுச் சோப்பு, பழைய மல் வேட்டித் துணி, நிழலில் காயவைப்பது. இவ்வளவுதான். பிறகு வந்த வினைல் தட்டுக்கு ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. ஆனால் வினைலுக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் அப்பளம்போல நெளியும். நெளிந்ததை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனம் ஏற்றி, வெயிலில் மிதமாகக் காயவைத்து, அப்படியே ஆறவிட்டு எடுத்தால் பெரும்பாலும் நேராகும். கெடுத்த வெயிலையே வைத்தியத்துக்கும் கூப்பிடவேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை.

கீறலுக்கு வைத்தியம் வேறு. தட்டின் பள்ளம் நேர்க்கோடு அல்ல, இரண்டு சுவர்கள் உள்ள வாய்க்கால். கீறல் அந்தச் சுவரை உடைத்திருந்தால் முள் பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும். உள்பக்கம் தாண்டினால் பாட்டில் ஒரு துண்டு போகும்; வெளிப்பக்கம் விழுந்தால் பாடினதையே பாடும். பெரும்பாலோர் நினைப்பதுபோல் எப்போதும் பொருள் இழப்பு ஏற்படுவதில்லை. பல சமயம் கீறியபோது பிதுங்கி நின்ற பிசிறுதான் வழியை மறிக்கிறது. வயல் வரப்பு சரிந்து வாய்க்காலில் விழுந்த மாதிரி. மண்ணை எடுத்துவிட்டால் தண்ணீர் பழைய வழியே போகும்.

இதற்குத் தோதான கருவி எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர் என்று இந்த வட்டாரமே தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த வட்டாரம். மருந்து தொடாத வெறுங்குச்சி. அதன் நுனியை பிளேடால் சீவி, நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கடிகாரக்காரரின் கண்ணாடியை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, கீறல் குறுக்கிடுகிற பள்ளத்தில் நுனியை வைத்துத் தட்டைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் சுற்றவேண்டும். அழுத்தம் கூடாது, அழுத்தாமலும் இருக்கக்கூடாது. மரம் வினைலைவிட மிருது என்பதால் சுவரைக் கெடுக்காது, பிசிறை மட்டும் ஒதுக்கும். பத்துப் பள்ளங்களில் கீறல் ஓடியிருந்தால் பத்துத் தரம். ஒரு மத்தியானம் போய்விடும். இசைத்தட்டுக் கடைக்காரர்கள் சொல்கிற சுருக்குவழி முள்கையின் தலையில் ஐந்து பைசா அலுமினியக் காசை ஒட்டுவது. கனத்தால் முள் கீறலை மிதித்துத் தாண்டும். இரண்டு மூன்று கிராமில் ஓடவேண்டியதை இப்படி மிதித்து ஓட்டினால் இன்று பாடும், இன்னும் நூறு தடவையில் ஊமையாகும்.

அரக்குத் தட்டில் குச்சி வைத்தியம் பலிக்காது. அது உடையுமே தவிரப் பிதுங்காது. மயிர்க்கீறல் விட்டால் சுற்றுக்கு ஒரு சொடுக்கு, நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு. அப்பா தட்டான் வீட்டு அரக்கைக் கொஞ்சம் உருக்கி, வெளி விளிம்பில் மட்டும் ஊசிமுனையால் தொட்டு வைப்பார். கீறல் மேலும் நடக்காமலிருக்கத் தாழ்ப்பாள். பள்ளங்களின்மேல் தொடமாட்டார். “சத்தம் வந்தா வரட்டும், தட்டு ரெண்டா போகாம இருக்கணும்” என்பார். அவருக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் சொடுக்குக்குத் தாளம் போடத் தெரியும். எல்.பி. தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, அந்த இடைவெளியில் சொடுக்கு விழுகிறதைத் தொடையில் தட்டிக்கொண்டே, பாட்டின் தாளமும் கீறலின் தாளமும் எங்கே போய்ச் சேருகின்றன என்று காத்திருப்பார். சேர்ந்தால் சிரிப்பார்.

எங்கள் வீட்டில் அதிகம் அடிபட்ட தட்டு ‘கொஞ்சும் சலங்கை’. 1962இல் வந்த படம். எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம். காருகுறிச்சி 1921இல் பிறந்து 1964இல் போய்விட்டார். குடியிருந்தது இங்கே பக்கத்தில் கோவில்பட்டியில். அதனால் எங்கள் பக்கத்தில் அந்தத் தட்டு சினிமாப் பாட்டாக ஒலித்ததில்லை. தெரிந்த மனிதரின் குரல் ஒலிக்கிற மாதிரி. அவர் இறந்தபின் எந்தக் கல்யாண வீட்டிலும் அதைக் கேட்டார்கள். தட்டு தேய்ந்து நாயனத்தின் மேல்ஸ்தாயி மணலாகிவிட்டது. பள்ளத்தில் மிக நுணுக்கமான நெளிவுகளில் இருப்பது மேல்ஸ்தாயிதான். தேய்மானம் முதலில் அதைத்தான் தின்னும். கீறலுக்கு வைத்தியம் உண்டு. தேய்மானத்துக்குக் கிடையாது. கேட்கப்பட்டதால் போனது அது.

இந்த ஊரில் இருந்துகொண்டு பதிவு, இழப்பு என்று பேசினால் இரண்டு பேரைத் தாண்டிப் போக முடியாது. ஒருவர், இங்கே பிறந்தவர். பாரதி 1921 செப்டம்பரில் இறந்தார். கல்கத்தாவில் முதல் ரிக்கார்டு பதிவு நடந்தது 1902 நவம்பரில். கொஞ்ச வருஷத்தில் சென்னையிலும் கம்பெனிக்காரர்கள் ஹோட்டல் அறையில் கருவியை வைத்துப் பாடகிகளைப் பதிந்துகொண்டிருந்தார்கள். தன் பாட்டைத் தானே உரக்கப் பாடிய மனிதனை அந்தக் குழாயின் முன்னால் யாரும் நிறுத்தவில்லை. அவன் குரல் எந்தத் தட்டிலும் கிடையாது. ஆனால் அவன் பாட்டைத் தட்டில் பதிகிற உரிமைக்கு மட்டும் பின்னால் விலை வந்தது. அது கைமாறி ஏவி.மெய்யப்பனிடம் இருந்து, 1949இல் சென்னை அரசு வாங்கி, பிறகு மக்களுக்கு விட்ட கதை தெரிந்ததே. குரல் இல்லாத தட்டுக்கு உரிமைப் பத்திரம்! நம் கலாசாரத்தின் சுபாவம் இதில் இருக்கிறது.

மற்றவர் இங்கே இறந்தவர். முத்துஸ்வாமி தீட்சிதர், 1835 தீபாவளி நாளில். சமாதி இங்கேதான். அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். தம்பியின் பெண்வயிற்றுப் பேரனாய்ப் பிறந்து அவருக்கே சுவீகாரம் போன சுப்பராம தீட்சிதர், குடும்பத்தின் வாயில் மட்டும் இருந்த கிருதிகளை ஸ்வரப்படுத்தி 1904இல் ‘ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ என்று இந்த ஊர் அச்சகத்திலேயே அச்சிட்டார். தெலுங்கு எழுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இரண்டு வருஷத்தில், 1906இல் இறந்துவிட்டார். அந்தப் புஸ்தகத்தில் என்னை எப்போதும் நிறுத்துவது அதன் கமகக் குறிகள். ஸ்வரத்தின் தலையில் ஒரு நெளி, ஒரு கொக்கி, ஒரு கோடு. எங்கே அசையவேண்டும், எங்கே வழுக்கவேண்டும், எங்கே தட்டி எடுக்கவேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்.பி.யின் பள்ளத்தைப் பார்த்திருக்கிற எனக்கு இரண்டும் ஒரே காரியமாகத்தான் படுகிறது: அசைவைக் கோடாக்கி வைப்பது. முள் வந்து தொட்டால் பள்ளம் பாடும். தெரிந்த குரல் வந்து தொட்டால் பக்கம் பாடும். ஒரு வித்தியாசம் உண்டு. சுப்பராம தீட்சிதரின் பக்கத்தில் ஓர் இடம் கிழிந்தால் அது கிழிந்திருக்கிறது என்று தெரியும்.

இனி நான் சொல்லவந்த தட்டு.

கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் எனக்கு இருபது வருஷ சிநேகிதர். என்னைவிட இளையவர். கவிதை எழுதினார்; ஒரே ஒரு தொகுப்பு வந்தது, முந்நூறு பிரதி, அதில் பாதி அவர் வீட்டுப் பரணில் இருந்தது. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2003இல் கோவில்பட்டியில் ஒரு வீட்டு மாடியில் இருபது பேருக்கு முன்னால் கவிதை வாசித்தார். யாரோ டேப்பில் பதிந்தார்கள். அந்த டேப் கடை ஒன்றில் சி.டி.யாக மாற்றப்பட்டு ஒரு பிரதி அவருக்குத் தரப்பட்டது. டேப் பிறகு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. மழையில் போயிருக்கலாம், அதன்மேல் யாராவது சினிமாப் பாட்டுப் பதிந்திருக்கலாம். சிநேகிதர் ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். போன வருஷம் அவர் மனைவி பஸ் ஏறி வந்தார்.

“அண்ணாச்சி, இதுல அவுக குரல் இருக்கு. நடுவுல நின்னு நின்னு போவுது. நீங்க பழைய பிளேட்டெல்லாம் சரி பண்ணுவீகன்னு அவுக சொல்லியிருக்காக.”

தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. பேருக்கு இரண்டு மெல்லிய கோடு. மேல்பக்கத்தில், நடு ஓட்டைக்குக் கீழே, பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதிய அவர் பெயர்.

சி.டி.யைப் பற்றி ஜனங்களுக்கு இருக்கிற எண்ணம் தலைகீழானது. பளபளக்கிற அடிப்பக்கத்தைப் பூப்போல வைத்துக்கொள்வார்கள். மேல்பக்கத்தை மேஜைமேல் தேய்ப்பார்கள், எழுதுவார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் கெட்டியான பிளாஸ்டிக். ஒளி அதற்குள் புகுந்து மேலே இருக்கிற உலோகப் படலத்தில் போய்க் குவிகிறது. அடிப்பரப்பைத் தொடுகிற இடத்தில் ஒளிக்கற்றை முக்கால் மில்லிமீட்டர் அகலம். அதனால் சின்னக் கீறல், ஒரு தூசி, இவற்றை அது பொருட்படுத்துவதில்லை. மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய தூசி தெருவை மறைக்காததுபோல. பெரிய கீறலானாலும் அது வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்த கீறல். பற்பசையை ஈரத்துணியில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் தேய்த்து, கழுவி எடுத்தால் கீறலின் கரைகள் மழுங்கும். ஒளி சிதறாமல் போகும். பசைதான், பொடி அல்ல. பல்பொடி புதிதாக ஐம்பது கீறல் போடும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பாட்டு ஓடுகிற திசையிலேயே ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறைய போய்விடும். குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளி போகும், துளிக்குக் கருவி ஈடு செய்துகொள்ளும். வாழைப்பழத் தோல் வைத்தியம் ஒன்றும் உண்டு. பழத்தைத் தின்றுவிடலாம்.

மேல்பக்கமோ, உலோகப் படலம், அதன்மேல் நகப்பூச்சு கனத்துக்கும் குறைவாக ஒரு வார்னிஷ், அவ்வளவுதான். பாட்டு இருப்பது அங்கே. பந்துமுனைப் பேனா வார்னிஷைக் கீறிவிட்டது. கடற்கரை வீடு, உப்புக்காற்று, பதினைந்து வருஷத்துக்கு மேலே. எழுத்து ஓடிய வழியே ஈரம் புகுந்து இரண்டு இடத்தில் படலம் உரிந்துவிட்டது. பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். பெயரின் இரண்டு எழுத்துகளுக்குள் வெளிச்சம் வந்தது. வெளிச்சம் வந்தால் அங்கே ஒன்றும் இல்லை. பற்பசையும் தீக்குச்சியும் அதற்கு உதவாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். சி.டி.யில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் அறுநூறுக்கு மேல் சுற்றுகள் அடங்குகின்றன. பாட்டு உள்ளே தொடங்கி வெளியே போகும், ரிக்கார்டுக்கு நேர்எதிர். தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஏழில் ஒரு விநாடி. ஆக, உள்பக்கத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சேதம் என்றால் ஒன்றரை நிமிஷப் பேச்சு ஆபத்தில் இருக்கிறது. ஒருவன் பெயரின் ஒரு எழுத்துக்குள் அவன் பேசிய ஒன்றரை நிமிஷம்.

உரிந்த இரண்டு இடத்தில் ஒன்று, பாட்டு ஓடுகிற திசையில் விரல்நகத்தின் நீளம் இருந்தது. ஒளி அங்கே வழியைத் தொலைத்துவிடுகிறது. வீட்டில் இருந்த இரண்டு கருவியிலும், கம்ப்யூட்டரில் மிக மெதுவாக ஓட்டியும் பார்த்தேன். ஒரு வாரம். ஒரு நிமிஷம் முப்பத்துநான்கு விநாடி வரவில்லை. வராது.

மற்ற இடம் சிறியது, ஐந்து மில்லிமீட்டர். அங்கே குரல் தடையில்லாமல் வந்தது. சந்தோஷப்படவேண்டிய விஷயம். ஆனால் எனக்கு அதுதான் உறுத்தியது.

சி.டி.யை வடிவமைத்தவர்கள் – பிலிப்ஸும் ஸோனியும், 1982 – கீறல் விழும் என்று தெரிந்தே வடிவமைத்தார்கள். ரீட், ஸாலமன் என்ற இரண்டு கணிதக்காரர்கள் 1960இல் எழுதிய ஒரு முறையை எடுத்துக்கொண்டார்கள். ஒலியை விநாடிக்கு 44,100 எண்ணாக்கி, எண்களை வரிசையாக வைக்காமல் கலைத்துப் பரப்பி, கூடவே சரிபார்க்கும் எண்களையும் சேர்த்து எழுதுவது. இரண்டரை மில்லிமீட்டர் வரை ஓரிடம் முழுக்கப் போனாலும், மிச்சத்தை வைத்து, போன எண்ணை அப்படியே, ஒரு பிசகும் இல்லாமல் மீட்டுவிடலாம். இது மீட்பு. இதில் எனக்கு ஆச்சரியமும் மரியாதையுமே உண்டு. அதற்கு மேலே போனால், சுமார் ஏழு மில்லிமீட்டர் வரை, கருவி வேறொன்று செய்கிறது. போன எண்ணுக்கு முன்னே உள்ளதையும் பின்னே உள்ளதையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவாக ஒன்றை இட்டு நிரப்பிவிடுகிறது. காதுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் நோக்கம். ஏழுக்கும் மேலே போனால்தான் மௌனம்.

அந்த ஐந்து மில்லிமீட்டரில் என் சிநேகிதர் பேசவில்லை. அதாவது பேசினார், ஆனால் விநாடிக்கு ஏழு தடவை, ஓரிரு இமைநொடித் துணுக்குகள், கருவி யூகித்துப் பேசியது. மொத்தமாய்ச் சேர்த்தாலும் சில விநாடிதான். ஓர் எழுத்தும் மாறவில்லை. யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. எங்கே நஷ்டம் என்று தெரியாமல் செய்வதைப் பற்றிப் பேசுகிறேன். முள் பொய் சொல்லாது; அது விழுந்தால் விழுந்த சத்தம் கேட்கும்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் செல்லரித்த இடங்களில் புள்ளி வைத்தார். அவருக்கு யாப்புத் தெரியாதா? சீர் எண்ணி, எதுகை பார்த்து, விட்டுப்போன இடத்தை ஒட்டுத் தெரியாமல் நிரப்பியிருக்க அவரால் முடியாதா? அந்தக் காலத்துப் புலவர்களில் பலருக்கு அது விளையாட்டு. 267, 268 இரண்டு பாட்டும் கிடைக்கவே இல்லை. எண்ணை விட்டுவைத்து வெறும் இடமாக விட்டிருக்கிறது. இன்றும் நாம் 266லிருந்து 269க்குத் தாண்டுகிறோம், கீறல் விழுந்த ரிக்கார்டில் தாண்டுகிற மாதிரி. தமிழில் நவீன விமர்சனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எனக்கு அந்தப் புள்ளிகள்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. சிநேகிதரின் வாசிப்பைப் பிரதியெடுத்து அவரை அறிந்த பத்துப் பேருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, எங்களில் ஒருவர் – நல்ல வாசகர், சிநேகிதர்மேல் உண்மையான பிரியம் உள்ளவர் – ஒரு யோசனை சொன்னார். அந்த ஒரு நிமிஷம் முப்பத்துநான்கு விநாடியில் எந்தக் கவிதை வாசிக்கப்பட்டது என்று முன்பின் வரிகளிலிருந்து தெரிகிறது. தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. சிநேகிதரின் தம்பி மகனுக்கு அதே கட்டைக் குரல். அவனை வாசிக்கவைத்து அந்த இடத்தில் சேர்த்துவிடலாம். கேட்கிறவர்களுக்கு ஒரு முழு வாசிப்புக் கிடைக்கும். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே ஒருவர் குரலைக் கற்றுக்கொண்டு வாசித்துவிடுகிறது, பையனைக்கூடத் தொந்தரவு செய்யவேண்டியதில்லை என்றார் இன்னொருவர்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கடிதமும் போனுமாக இது நடந்தது. ‘கவிதை முக்கியமா, கருவியின் கோளாறு முக்கியமா’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சிநேகிதர் அச்சில் இருக்கிறபடி வாசிக்கிறவர் அல்ல. மிஞ்சிய இருபத்தோரு நிமிஷத்தை நான் தொகுப்போடு ஒப்பிட்டேன். பதினோரு இடத்தில் மாறியிருக்கிறது. ஓரிடத்தில் ஒரு முழு வரியை விட்டுவிடுகிறார். ஓரிடத்தில் அச்சில் ‘அலை’ என்று இருப்பதை ‘தண்ணி’ என்கிறார், தண்ணிதான் சரி. அந்த மாடியில், அந்த ராத்திரியில், அவர் தன் கவிதையைத் திருத்திக்கொண்டிருந்தார். போன ஒன்றரை நிமிஷத்தில் என்ன திருத்தினார் என்பது போய்விட்டது. அங்கே அச்சுப் பிரதியை வைத்தால் நாம் சேர்ப்பது அவரே ஒதுக்கிய ஏதோ ஒன்றாக இருக்கலாம்.

இந்த விவாதம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி மறுபடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பல்பின் முன் தட்டைப் பிடித்துக் காட்டினேன். வெளிச்சம் வந்த இடத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“பேரு எழுதுனதுனாலயா அண்ணாச்சி?”

“ஆமாம்மா. பேனா அழுத்திருச்சு.”

“தொலைஞ்சுரக் கூடாதுன்னு எழுதுனேன்.”

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விட்டுப்போனது எந்த இடம், முன்னால் என்ன வருகிறது என்று கேட்டார். ஓட்டிக் காட்டினேன். குரல் வந்து, ஒரு வரியின் பாதியில் நின்றது.

“இந்த இடத்துலயா? இங்ஙன அவுக இருமுவாக. வீட்ல வாசிச்சுப் பாக்கும்போதும் இங்ஙனதான் இருமல் வரும். தண்ணி கேப்பாக. குடிச்சுட்டு மொதல்லருந்து வாசிப்பாக.”

பையனை வைத்து வாசிக்கலாம் என்ற யோசனையையும் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “அவன் இருமமாட்டானே” என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

பிரதிகள் பன்னிரண்டு எடுத்தாயிற்று. ஒரு நிமிஷம் முப்பத்துநான்கு விநாடி மௌனம் அப்படியே இருக்கிறது. டேப்பின் இரைச்சல்கூட இல்லாத வெறும் மௌனம். யோசனை சொன்ன நண்பர் தன் பிரதியில் கருவி பழுதோ என்று கையால் தட்டிப் பார்த்ததாகக் கோபத்தோடு எழுதியிருந்தார். ஐந்து மில்லிமீட்டர் விஷயத்தில் வேறு வழி தெரியாததால் உறையில் ஒரு வரி எழுதினேன்: எத்தனையாவது நிமிஷத்திலிருந்து எத்தனையாவது நிமிஷம் வரை குரலில் கருவியின் யூகம் கலந்திருக்கிறது என்று. பன்னிரண்டு பேரில் அதை ஒருவர் மட்டும் கவனித்து, இது என்ன என்று கேட்டார். மூலத் தட்டை ஈரம் புகாத உறையில் போட்டு அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். பெயரை உறைமேல்தான் எழுதியிருக்கிறது.

இப்போது மேஜைமேல் ஒரு எல்.பி. இருக்கிறது. காருகுறிச்சியின் நாயனம். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய சாமான்களோடு விற்றது. நெளிந்திருக்கிறது, நடுவில் ஏழெட்டுப் பள்ளத்தைக் குறுக்கே ஒரு கீறல். அடிக்கடி கேட்கப்பட்ட தட்டு அல்ல. கண்ணாடியில் பார்த்தால் சுவர்கள் தேயாமல் இருக்கின்றன. முதலில் நேராக்கவேண்டும். கண்ணாடித் தகடு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து மேகம் போட்டிருக்கிறது.